கூற்று

செய்யுளில் பேசுபவர் யார் என்பதைக் குறிக்கும் இலக்கணச் சொல். தொல்காப்பியம் பொருளதிகாரம் இதை விரிவாகப் பேசுகிறது. அகப்பாட்டில் தலைவி, தோழி, தலைவன், செவிலி முதலானோர் பேசுவர், புலவர் பேசுவதில்லை. அதனால் ஒரு பாட்டின் ஏக்கத்தை அதை எழுதியவரின் வாழ்க்கைக் குறிப்பாகப் படிப்பது பிழை.

கூட்டேரிப்பட்டு, திண்டிவனம் வட்டாரத்துக்கு இதில் நேரடி எடுத்துக்காட்டு உண்டு. இப்பகுதி பழைய ஓய்மாநாடு. இதை ஆண்ட நல்லியக்கோடனை இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் 269 அடிகளில் பாடியது சிறுபாணாற்றுப்படை. இன்று திண்டிவனத்துக்குள் அடங்கிய கிடங்கில் அவனது ஊர். நூலில் பேசுவது நத்தத்தனார் அல்லர். பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், வழியில் கண்ட வறிய பாணனிடம் பேசுகிறான். எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என வழியும் சொல்கிறான். மூவேந்தரைவிட இவ்வள்ளல் மேல் என்று புலவரே சொன்னால் முகத்துதி. உண்டு வந்தவன் சொன்னால் சாட்சி. ஆற்றுப்படையின் சூட்சுமமே இந்தக் குரல் மாற்றம்தான்.

மேடையில் நிலைமை வேறு. அரசியல் கூட்டத்தில் பேசுபவர் தம் பெயரில் நிற்கிறார், சொன்னதற்குப் பொறுப்பும் அவரே. பட்டிமன்றம் இரண்டுக்கும் நடுவே உள்ளது: பேச்சாளர் தம் பெயரில் நின்றாலும், வாதம் அவருக்கு ஒதுக்கப்பட்ட அணியுடையது. மருமகளைக் குறை சொல்லும் அணியில் பேசியவரிடம் வீட்டு நிலவரம் விசாரிப்பது, கூற்று அறியாதவர் செயல்.