மாங்குளம் மலையில் யார் பேர் எழுதலாம்?

போன மாதம் தெரிந்த சாரண ஆசிரியர் ஒருவர் போன் பண்ணினார். "பசங்களை ஒரு நாள் குகைக்குக் கூட்டிட்டுப் போகணும் சார். வெறும் பிக்னிக்கா முடிஞ்சிடக் கூடாது. எங்க போகலாம்னு நீங்கதான் சொல்லணும்." மொத்தம் இருபத்தெட்டுப் பையன்கள், நான்கு அணிகள், ஒரு பஸ். எல்லாம் மதுரைப் பிள்ளைகள்தான்.

முதலில் ஒரு ஏமாற்றத்தைச் சொல்லிவிட வேண்டியிருந்தது. குகை என்றதும் பசங்க மனசில் வருவது கும்மிருட்டு, வௌவால், மேலிருந்து தொங்கும் கல் விழுது, கயிறு கட்டி இறங்குவது. அதெல்லாம் ஆந்திராவின் போரா குகை மாதிரி சுண்ணாம்புக்கல் இருக்கும் இடத்தில்தான் உண்டு. அந்தக் கல்லைத் தண்ணீர் மெல்லக் கரைத்து, பூமிக்குள்ளே மண்டபம் மண்டபமாகக் குடைந்துவிடும். நம் மதுரைப் பக்கத்து மலைகளோ கெட்டிப் பாறை, தண்ணீருக்குக் கரையாது. பிளக்கும், சரியும், பெரிய பாறை ஒன்று இன்னொன்றின் மேல் சாய்ந்து நிற்கும். அதன் அடியில் கிடைக்கும் நிழல்தான் இங்கே குகை. கீழக்குயில்குடி சமணர் மலையில் 'செட்டிப்பொடவு' என்று ஒன்று இருக்கிறதே, அந்தப் 'பொடவு' என்ற சொல்தான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. தொல்லியல் புத்தகங்கள் குகைத்தளம் என்கின்றன.

"இருட்டு இல்லாத குகையா?" என்று அவர் கொஞ்சம் இழுத்தார். இருட்டு இல்லை, ஆனால் எழுத்து இருக்கிறது என்றேன். அப்படித்தான் மாங்குளம் முடிவானது. சித்தன்னவாசல் போயிருக்கலாம், அங்கே ஓவியமே இருக்கிறது. ஆனால் அந்தக் குடைவரை சின்னது. இருபத்தெட்டுப் பேரை வெளியே வரிசையில் நிறுத்தினால், உள்ளே போனவனைவிட வெளியே நிற்பவன்தான் அதிகம் கற்றுக்கொள்வான், பெரும்பாலும் வேண்டாததை.

மாங்குளம், மதுரைக்கு வடகிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அழகர் மலைக்கும் மேலூருக்கும் நடுவில், மீனாட்சிபுரம் என்ற சிற்றூரை ஒட்டி மலை. மேலே ஐந்து குகைத்தளங்கள், ஆறு தமிழ்பிராமிக் கல்வெட்டுகள். காலம் பொ.ஆ.மு. இரண்டாம் நூற்றாண்டு என்பது ஐராவதம் மகாதேவனின் கணிப்பு. பஸ்ஸைக் கொண்டு போவதற்கு முன்னால் நாமே ஒரு தடவை ஏறிப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசிரியர் சொன்னார். நல்ல பழக்கம். அணித் தலைவர்கள் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம்.

மேலே போனதும் முதலில் நெற்றியைக் காட்டினேன். குகை வாய்க்கு மேலே பாறையில் புருவம் மாதிரி நீளமாக ஒரு வெட்டு ஓடும். மழைத் தண்ணீர் பாறையில் வழிந்து வந்து, அந்த வெட்டில் தட்டி, உள்ளே போகாமல் வெளியே சொட்டிவிடும். இந்த ஒரு காடியை வெட்டியதும் பாறை நிழல் வீடாகிவிடுகிறது. உள்ளே தரையைச் சமப்படுத்தி, படுக்கைகளை வெட்டியிருக்கிறார்கள். தலைமாடு மட்டும் கொஞ்சம் உயரமாக இருக்கும், கல் தலையணை. ஒரு பையன் உடனே படுத்துப் பார்க்கத் தயாரானான். ஆசிரியரின் முகத்தைப் பார்த்து எழுந்துகொண்டான்.

இதில் தங்கியவர்கள் சமணத் துறவிகள். துறவி கல் வெட்ட மாட்டார், வேறு யாரோதான் வெட்டிக் கொடுத்திருக்க வேண்டும். யார் வெட்டிக் கொடுத்தார்கள் என்பதைத்தான் அந்த ஆறு கல்வெட்டுகளும் சொல்கின்றன. கணி நந்தன் என்ற துறவிக்கு, நெடுஞ்செழியனின் அலுவலன் கடலன் வழுதி என்பவன் இந்தப் 'பளி'யைச் செய்து கொடுத்திருக்கிறான். நாம் பள்ளிக்கூடம் என்கிறோமே, அந்தப் பள்ளியின் பழைய வடிவம்தான் இந்தப் பளி என்பார்கள். பாடப்புத்தகத்தில் வரும் நெடுஞ்செழியனா இவன் என்று பையன்கள் கேட்டார்கள். அவசரப்படக் கூடாது. சங்க இலக்கியத்திலேயே அந்தப் பெயரில் ஒருவருக்கு மேல் இருக்கிறார்கள். பாண்டியர்களில் ஒரு நெடுஞ்செழியன், அவ்வளவுதான் இந்தப் பாறை சொல்வது.

இன்னொன்றில் சடிகன் என்பவன் வருகிறான். நேராகச் சொல்லாமல், நெடுஞ்செழியனின் 'சாலகன்' இளஞ்சடிகனின் தந்தை சடிகன் என்று சுற்றி வளைத்துச் சொல்கிறது. சாலகன் என்பதைச் சகலை என்றும் கொள்கிறார்கள், மைத்துனன் என்றும் கொள்கிறார்கள். பெண்டாட்டியின் கூடப் பிறந்தவன் என்று எடுத்துக்கொண்டால் சடிகன் ராஜாவுக்கு மாமனாரே ஆகிவிடலாம்! "அப்ப நேரா மாமனார்னே போட்டிருக்கலாமே சார்" என்றான் பெரியவன். எனக்கும் அதே சந்தேகம்தான். வேறு கல்வெட்டுகளில் வெள்ளறை நிகமத்தார், அதாவது வணிகர் குழுவினர், கொடை கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒருவன் காவிதிப் பட்டம் பெற்றவன், முத்துக்களை மேற்பார்வை பார்த்தவன் என்பது மகாதேவன் வாசிப்பு. கடலிலிருந்து இவ்வளவு தள்ளி, ஒரு பாறை நெற்றியில் முத்துக் கணக்குக்காரன் பெயர்!

இறங்குவதற்கு முன்னால்தான் அந்தக் கேள்வி வந்தது. இந்தப் பக்கத்து மலைகள் எதில் ஏறினாலும் பாறையில் பெயிண்டும் கீறலுமாகப் பெயர்கள் இருக்கும். யாரோ ஒருத்தன், யாரோ ஒருத்தி, நடுவில் அம்பு பாய்ந்த இதயம். போகிற இடத்தில் யாரும் இப்படி எதையும் கிறுக்கக் கூடாது என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டிருந்தார். சின்னவன் கேட்டான்: "அவங்க மட்டும் பாறையில பேர் எழுதலாம், நாங்க எழுதக் கூடாதா சார்?"

"அது வரலாறுடா" என்றார் ஆசிரியர். பையன் தலையாட்டினான். ஆனால் அது பதில் இல்லை என்று மூன்று பேருக்குமே தெரிந்தது.

நான் ஒரு பதில் சொல்லிப் பார்த்தேன். அவர்கள் 'நான் வந்தேன்' என்று எழுதவில்லை, 'இன்னாருக்கு இன்னது கொடுத்தேன்' என்று எழுதினார்கள். இது கொடைப் பத்திரம், அது வெறும் கிறுக்கல். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியிலேயே உடைந்துவிட்டது. இலங்கையில் சிகிரியாவின் கண்ணாடிச் சுவரில் இருப்பதெல்லாம் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கிறுக்கியதுதானே? ஓவியத்தில் இருக்கும் பெண்களைப் பார்த்துவிட்டு, வந்தவன் எல்லாம் ஆளுக்கொரு பாட்டு எழுதிவைத்துப் போனான். அதில் 685 பாடல்களைப் பரணவிதான வாசித்து 1956இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். இன்று சிங்கள மொழி வரலாற்றுக்கு அது பொக்கிஷம். ஆக 'கிறுக்கல் என்றால் மதிப்பில்லை' என்று பையனிடம் சொன்னால் நான் பொய் சொன்னவன் ஆவேன்.

சரியான பதில், இந்த எழுத்தை வாசித்த கதைக்குள் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

மாங்குளம் கல்வெட்டுகளை ராபர்ட் சீவெல் 1882இல் பதிவு செய்தார். பிராமி எழுத்து என்பது தெரிந்தது, அசோகர் பிராமியை அதற்கு முன்பே வாசித்துவிட்டார்கள். ஆனாலும் இது பிடிபடவில்லை. பிராகிருதமாக இருக்கும் என்று நினைத்து வாசித்தால் அர்த்தம் வரவில்லை. 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர்தான் இது தமிழ் என்று எடுத்துக் காட்டினார். வடக்கில் இல்லாத ழ, ள, ற, ன எழுத்துகள் இதில் இருக்கின்றன. வடமொழிக்கு வேண்டிய ஓசையுள்ள ககர, ஜகர, தகரங்கள் பெரும்பாலும் இல்லை. அதற்குப் பிறகும் வாசிப்பு தடுமாறிக்கொண்டுதான் இருந்தது. நெடுஞ்செழியன் பெயர் 1965வாக்கில் மகாதேவன் கண்ணில்தான் பிடிபட்டது. சீவெல் பார்த்து எண்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது!

ஏன் இவ்வளவு காலம் என்றால், உயிர்க்குறி போடும் முறை வேறு. அசோகர் பிராமியில் வெறும் எழுத்து 'க' என்றால், மேலே பக்கவாட்டில் ஒரு சின்னக் கோடு இழுத்தால் 'கா'. பழைய தமிழ்பிராமியிலோ வெறும் எழுத்து 'க்' என்ற மெய். கோடு இழுத்தால்தான் 'க', அதுவே 'கா'வும் ஆகும், இடம் பார்த்து வாசித்துக்கொள்ள வேண்டும். 'மகன்' என்று இங்கே எழுதியதை வடக்கு முறையில் வாசித்தால் 'மாகான' என்று வரும். அப்படி வாசித்துக்கொண்டு எங்கே போய் அர்த்தம் கண்டுபிடிக்க?

அந்தச் சின்னக் கோட்டைக் கவனியுங்கள். பாறையில் விரல் நீளம்கூட இல்லாத ஒரு கீறல். அது இருந்தால் உயிர்மெய், இல்லாவிட்டால் மெய். இரண்டாயிரம் வருட மழையிலும் வெயிலிலும் ஏற்கனவே மங்கிப்போன வரி. பக்கத்தில் ஒருவன் கல்லை வைத்துத் தன் பெயரைக் கீறும்போது கை நழுவி ஒரு கோடு விழுந்தால், அது அழுக்கு மட்டும் இல்லை, அது ஒரு எழுத்து. அடுத்து வாசிப்பவன் அதையும் சேர்த்துத்தான் வாசிப்பான். பெயிண்ட் அடித்தாலோ, அடியில் கோடு இருந்ததா இல்லையா என்பதே போய்விடும். பையனிடம் இதைத்தான் சொல்லப் போகிறேன். மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சிதைத்தால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் இருக்கிறது. அதையும் சொல்லலாம், ஆனால் பதின்மூன்று வயதில் அது யார் காதில் ஏறும்?

இதை அவர்களே கையால் உணர வேண்டும் என்பதற்காகத் திட்டத்தில் இரண்டு சேர்த்திருக்கிறோம். ஒன்று, போவதற்கு முதல் வாரம் பள்ளியிலேயே எழுத்துப் பயிற்சி. க கூட்டல் குறி மாதிரி இருக்கும், ட அரை வட்டம், ந தலைகீழ் T. ஒவ்வொருவனும் தன் பெயரைத் தமிழ்பிராமியில் காகிதத்தில் எழுதி, பக்கத்து அணியிடம் கொடுக்க வேண்டும். அதில் ஆசிரியர் ஒரே ஒரு கோட்டைச் சேர்த்துவிடுவார். எதிரணி வாசிக்கும்போது பெயர் என்ன பாடு படும் என்று பார்க்கலாம். இரண்டாவது, டார்ச். உச்சி வெயிலில் எழுத்து தெரியாது, நேராக வெளிச்சம் அடித்தாலும் தெரியாது. டார்ச்சைப் பாறையை ஒட்டிப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். கை படாமல் வாசிக்கலாம். எழுத்து நன்றாகத் தெரிய சாக்பீஸ் பூசுவது பலருக்குப் பழக்கம், நானும் ஒரு காலத்தில் செய்திருக்கிறேன். சாக்பீஸ் கொண்டு வரக் கூடாது என்பது இந்தப் பயணத்தின் முதல் விதி, எனக்கும் சேர்த்து.

மற்ற ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் போக வேண்டும். காலை ஆறரைக்கு ஏறத் தொடங்கி, பாறை சுடுவதற்கு முன்னால் பத்து மணிக்கு இறங்கிவிட வேண்டும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், செருப்பு இல்லை ஷூ. ஒரு நேரத்தில் ஒரு அணிதான் குகைக்குள். முக்கியமான ஆபத்து பாம்பு இல்லை, மலைத்தேனீ. சரிந்த பாறையின் அடியில்தான் அதுவும் கூடு கட்டும். சென்ட் கூடாது, விசில் கூடாது, நெருப்பு அறவே கூடாது. சாரணர்களுக்கு விசில் இல்லாமல் இருப்பது கஷ்டம் என்று ஆசிரியரே சொன்னார். கை சைகையே போதும், அதையும் அவர்கள் படிக்கிறார்கள்தானே.

இறங்கியதும் பக்கத்து ஊர் அரிட்டாபட்டி. அங்கேயும் தமிழ்பிராமி இருக்கிறது. அதோடு ஆயிரம் வருடத்துக்கு முந்தைய தீர்த்தங்கரர் உருவம் ஒன்று, கீழே வட்டெழுத்து. பொற்கோட்டுக் கரணத்தார் பேரால் அச்சணந்தி செய்வித்த திருமேனி இது, பாதிரிக்குடியார் ரட்சை என்கிறது. செய்வித்தவர் பெயரோடு நிற்காமல், காக்க வேண்டிய ஊர்க்காரர் பெயரையும் சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள். அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த பகுதியை 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். 2024 நவம்பரில் இதே வட்டாரத்தை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்ததாகச் செய்தி வந்தது. ஊர் ஊராக மக்கள் கிளம்பி, மதுரை வரைக்கும் பேரணியாக வந்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. 'ரட்சை' என்ற சொல்லுக்குப் பையன்களிடம் அகராதிப் பொருள் சொல்லப் போவதில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவரை மரத்தடிக்கு வரச் சொல்லியிருக்கிறேன், அந்த இரண்டு மாதக் கதையை அவரே சொல்லட்டும்.

சாப்பாடு அங்கேதான். ஐந்தரைக்கு பஸ் கிளம்ப வேண்டும் என்பதால், புளியோதரையை நாலு மணிக்கே கட்டித் தருவதாக ஒரு பையனின் அம்மா ஒத்துக்கொண்டிருக்கிறார். அணிக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் அவர் பெயரைத் தமிழ்பிராமியில் எழுதுவது என்று பசங்களே முடிவு பண்ணியிருக்கிறார்கள்.