கருவுற்ற தாயும் பல் நலமும்: ஒரு வரலாற்று நோக்கு

கருவுற்ற மகளிரின் நிலையைக் கூர்ந்து நோக்கிய பழமை தமிழுக்கு உண்டு. நீர் சுமந்து அசையும் மேகத்துக்குப் பசும்புளியை விரும்பும் நிறைசூல் மகளிரை உவமையாக்கினார், குறுந்தொகையின் 287ஆம் பாடலைப் பாடிய கச்சிப்பேட்டு நன்னாகையார். ஆயின், அப்புளிவேட்கையும் மசக்கைச் சத்தியும் பல்லுக்குச் செய்யும் கேடு பற்றிய அறிவு, தாய்மாரின் வாசலை அடைய நெடுங்காலம் சென்றது. அத்தாமதத்தின் வரலாறே ஈண்டு ஆராயப்படுகின்றது.

மேனாட்டு மகப்பேற்று மருத்துவத்தை ஈழத்திலே தமிழில் தந்தவருள் முதன்மையானவர், 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அவர் ஆக்கிய பிரசவ வைத்திய நூல் 1857இல் வெளிவந்தது. நூலறிவு வீட்டு வாசலுக்குச் செல்ல மேலும் பல ஆண்டுகள் வேண்டியிருந்தன. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டபின், வீடு தேடிச்செல்லும் மருத்துவிச்சியின் சேவை படிப்படியாக நாடெங்கும் பரந்தது. எனினும் தாயின் வாய் அச்சேவையின் எல்லைக்குப் புறத்தே நின்றது. பல் வைத்தியம் வேறு வழியே வளர்ந்தது. மகரகமவிலே பயிற்சி பெற்ற பாடசாலைப் பற்சிகிச்சைத் தாதியர் சிறுவரின் பல்லையே பேணினர். தாயைப் பேணியோர் பல்லை நோக்கவில்லை. பல்லைப் பேணியோர் தாயை நோக்கவில்லை.

இவ்விடைவெளியை நம்பிக்கைகள் நிரப்பின. வயிற்றுப் பிள்ளை தாயின் பல்லிலுள்ள சுண்ணத்தை உறிஞ்சும் என்பது ஒன்று. கருவுற்ற காலத்தில் பல்லைத் தொடலாகாது என்பது மற்றொன்று. பிள்ளைப்பேறு ஒவ்வொன்றுக்கும் ஒரு பல் போகும் என ஐரோப்பியரும் நம்பினர். இந்நம்பிக்கைகளால் எத்தனையோ மகளிர் நோவை விதியெனப் பொறுத்தனர்.

ஆராய்ச்சி கூறுவது வேறு. சிசுவுக்கு வேண்டிய சுண்ணம் தாயின் குருதியிலிருந்து செல்வதன்றிப் பல்லிலிருந்து செல்வதில்லை. சூல்காலச் சுரப்புகளின் மிகுதியால், பல்லிற் படியும் அழுக்குக்கு முரசு கடுமையாக வீங்குகின்றது. இவ்வீக்கம் இரண்டாம் மாதமளவில் தோன்றி எட்டாம் மாதம்வரை மிகும் என 1963இல் லோ, சில்னெஸ் என்னும் ஆய்வாளர் காட்டினர். முரசுநோய்க்கும் குறைப்பிரசவத்துக்கும் தொடர்புண்டோ என்னும் வினா 1996இல் வலுப்பெற்றது. முரசுச் சிகிச்சை குறைப்பிரசவத்தைத் தடுக்கவில்லை என 2006இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு கண்டது; எனினும் அச்சிகிச்சை முரசைத் தேற்றுவது, கருவுக்குத் தீங்கற்றது என்பதையும் அதுவே காட்டிற்று. பல்லைத் தொடலாகாது என்ற அச்சத்துக்கு இதுவே விடையாகும்.

இலங்கையிலே கருவுற்ற தாய்மாருக்கான வாய்ச்சுகாதாரத் திட்டம் 2009இல், போர் ஓய்ந்த அதே ஆண்டில், தாய் சேய் நலச் சேவையோடு இணைக்கப்பட்டது. மருத்துவிச்சியே தாயைப் பல் வைத்தியரிடம் அனுப்பும் ஏற்பாடு இது. மன்னார்ப் பகுதியின் நறுவிலிக்குளம் போன்ற சிற்றூர்களுக்கு இதன் பெறுமதி பெரிது. பல் வைத்தியரை நாடிச் செல்லுதல் அத்தகைய ஊர்த் தாய்க்கு ஒருநாட் பயணமாகலாம். மருத்துவிச்சியோ அவள் முற்றத்துக்கே வருபவள். சத்தி எடுத்ததும் பல் துலக்காது நீரால் வாய் கொப்பளித்தல், முரசிற் குருதி கசியினும் துலக்குவதைக் கைவிடாமை, நோவை மறையாது கூறுதல் ஆகியன அம்முற்றத்திலேயே கற்பிக்கத்தக்கவை. கிறீன் தமிழில் எழுதியதன் நோக்கம் முழுமை பெறுவது, அறிவு ஏட்டிலிருந்து இறங்கித் தாயின் மொழியில் அவள் வாசலை அடையும்போதேயாகும்.