பந்துக்குக் கூண்டு, தலைக்குக் கவசம்

ஒரு பச்சை முட்டையைச் சுவரின்மேல் எறிந்தால் என்ன ஆகும்? பதில் எல்லோருக்கும் தெரிந்ததே. இப்போது இரண்டு நண்பர்களை அழைத்து ஒரு வேட்டியை விரித்துத் தொங்கலாகப் பிடிக்கச் சொல்லுங்கள். முட்டை தரையில் விழாதபடி வேட்டியின் அடி விளிம்பைத் தொட்டில்போல் மடக்கிக்கொள்ளட்டும். உங்கள் வலிமை கொண்ட மட்டும் முட்டையை வேட்டியின் நடுவில் எறியுங்கள். முட்டை உடையாது! முதலாண்டு மாணவர்களுக்கு உந்தம் பற்றிய பாடம் நடத்தும்போது நான் ஆண்டுதோறும் செய்து காட்டும் சோதனை இது. முட்டை ஒன்றே, வேகமும் ஒன்றே. அது நிற்பதற்கு எடுத்துக்கொள்ளும் தொலைவுதான் வேறு.

இந்தச் சிறிய உண்மையை வைத்துக்கொண்டு, அமெரிக்கர்களின் பேஸ்பால் ஆட்டத்தில் மட்டைப் பயிற்சி எவ்வாறு வளர்ந்தது என்று பார்ப்போம். விளையாட்டு வரலாறு என்று எண்ணித் தொடங்கும் இக்கதையில் ஒரு கணித அறிஞரும் வருகிறார், ஓர் இளைஞரின் மரணமும் வருகிறது.

0.4 வினாடி

பேஸ்பாலில் பந்து தரையில் குத்தி எழுவதில்லை. நேராக மட்டையாளரை நோக்கி வருகிறது. பந்தெறிபவர் நிற்கும் மேட்டுக்கும் மட்டையாளர் நிற்கும் இடத்துக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். 1893ஆம் ஆண்டிலிருந்து இத்தொலைவு மாறவில்லை. எறிபவர் முன்னால் காலெடுத்து வைத்து எறிவதால் பந்து கடக்க வேண்டியது சுமார் 17 மீட்டர்தான். மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு 40 மீட்டர் வேகத்தில், வரும் பந்து இதனை ஏறத்தாழ 0.4 வினாடியில் கடந்துவிடும். அதற்குள் பந்தைப் பார்த்து, அடிப்பதா விடுவதா என்று முடிவு செய்து, மட்டையையும் வீசியாக வேண்டும்.

பந்தின் நிறை ஏறக்குறைய 145 கிராம். அந்த வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் 116 ஜூல். காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், 80 மீட்டர் உயரத்திலிருந்து அதே பந்து தலைமேல் விழுவதற்கு இது சமம். ஆகவே இந்த ஆட்டத்தில் தேர்ச்சி பெற எண்ணற்ற முறை பந்தை எதிர்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆபத்தும் உண்டு.

பந்து வீசிய பீரங்கி

பயிற்சிக்கு ஓயாமல் பந்தெறிந்தால் எறிபவரின் தோளும் முழங்கையும் கெட்டுவிடும். 1890களில் இத்தொல்லைக்கு வழி தேடியவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்துவந்த சார்லஸ் ஹோவர்ட் ஹிண்டன் என்ற ஆங்கிலேயர். நான்காம் பரிமாணத்தைப் பற்றி எழுதிப் புகழ்பெற்றவர் இவர். நாற்பரிமாணக் கனசதுரத்துக்கு ‘டெசராக்ட்’ என்று பெயரிட்டவரும் இவரே.

ஹிண்டன் முதலில் கவண் போன்ற பொறி ஒன்றைச் செய்து பார்த்தார், அது சரிவரவில்லை. உருண்டையைக் குறி தவறாமல் வேகமாகச் செலுத்த மனிதர் நெடுங்காலமாகக் கையாளும் கருவி எது என்று யோசித்தார். பீரங்கிதான்! வெடிமருந்தின் வாயு அழுத்தத்தால் பந்தை உந்தித் தள்ளும் குழாய் ஒன்றை உருவாக்கி 1897இல் பிரின்ஸ்டன் மாணவர்களிடம் பயன்படுத்தினார். பந்தின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. குழாயின் வாயில் ரப்பர் பூசிய இரண்டு எஃகு ‘விரல்’களைப் பொருத்திப் பந்தைச் சுழலச் செய்து, வளைந்து செல்லவும் வைத்தார்.

பொறி பந்தை எறிந்தது உண்மை. ஆனால் புகையும் வெடிச் சத்தமுமாக ஒரு துப்பாக்கியின் எதிரே நிற்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்? மாணவர்கள் அஞ்சினர்; சிலர் காயமும் அடைந்தனர். எறிபவரின் கையைக் காப்பாற்றிய பொறி, மட்டையாளரைக் காப்பாற்ற மறந்துவிட்டது. பொறி பரவலாகப் புழக்கத்துக்கு வரவில்லை. எறிகரம் கொண்ட மின்பொறிகளும் சுழலும் சக்கரங்களுக்கிடையே பந்தைப் பிதுக்கி எறியும் பொறிகளும் பின்னாளில் வந்து அந்தக் குறையைத் தீர்த்தன.

ஹோப்வெல் ஊரின் கூண்டு

பிரின்ஸ்டனுக்குச் சில மைல் தொலைவில் ஹோப்வெல் என்ற சிற்றூர் உள்ளது. அவ்வூரைச் சேர்ந்த வெலிங்டன் டைட்டஸ் என்பவர் 1907இல் ஓர் எளிய அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். மட்டையாளருக்குப் பின்னாலும் பக்கங்களிலும் வலை; அதனைத் தாங்கும் சட்டம்; வேண்டிய இடத்துக்குத் தள்ளிச் செல்லச் சக்கரங்கள். அவ்வளவே. தவறவிட்ட பந்தும், மட்டையின் விளிம்பில் பட்டுச் சிதறும் பந்தும் வலையிலேயே நின்றுவிடும். பந்தைத் தேடி ஓடும் வேலை மிச்சம். அருகில் நிற்பவருக்கும் பாதுகாப்பு. இதிலிருந்தே நான்கு புறமும் மேலும் மூடிய இன்றைய நீண்ட பயிற்சிக் கூண்டுகள் வளர்ந்தன.

வலை ஏன்? பலகைச் சுவர் எழுப்பினால் போதாதா? கணக்கிட்டுப் பாருங்கள். மட்டையில் பட்ட பந்து வினாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் பறக்கிறது என்று கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் சுமார் 147 ஜூல். ஆற்றலை, நிற்கும் தொலைவால் வகுத்தால் சராசரி விசை கிடைக்கும். தொங்கலான வலை 1 மீட்டர் உள்வாங்கினால் விசை 147 நியூட்டன்தான். அது 15 கிலோ அரிசிப் பையின் எடை. கெட்டியான சுவரில் பந்து 1 சென்டிமீட்டருக்குள் நின்றாக வேண்டும் என்றால் விசை 14,700 நியூட்டன், அதாவது ஒன்றரை டன் எடை! அதோடு முடிவதில்லை. சுவர் பந்தைத் திருப்பியும் அனுப்பும். வலையோ அதன் ஆற்றலை விழுங்கிவிடும். அதனால்தான் கூண்டின் வலையை விறைப்பாக இழுத்துக் கட்டாமல் தொங்கலாக விடுகிறார்கள். நம் வேட்டிச் சோதனையேதான் இது.

மறந்துபோன தலை

கூண்டுக்குக் காப்புரிமை கிடைத்த அதே 1907இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியின் ரோஜர் பிரெஸ்னஹன் தலையில் பந்துபட்டு விழுந்தார். அதன்பின் காற்றடைத்த தோல் காப்பு ஒன்றைத் தலையில் அணிந்து பார்த்தார். காற்றுப் பை, வலையைப் போலவே, பந்து நிற்கும் தொலைவைக் கூட்டுகிறது. தத்துவம் சரியானதே. ஆனால் மற்றவர்கள் அதனைப் பின்பற்றவில்லை. தலைக்குக் காப்பு அணிவது கோழைத்தனம் என்ற எண்ணம் ஆட்டக்காரர்களிடையே வேரூன்றியிருந்தது.

1920 ஆகஸ்ட் 16. நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானம். கிளீவ்லாந்து அணியின் ரே சாப்மன் மட்டையுடன் நின்றார். அவருக்கு வயது 29. அக்காலத்தில் ஒரே பந்தை நெடுநேரம் ஆடுவார்கள். அது அழுக்கேறிக் கறுத்திருக்கும். கார்ல் மேஸ் கையைத் தாழ்த்தி எறிந்த பந்து சாப்மனின் தலையில் மோதியது. எழுந்த ஒலியைக் கேட்டு, பந்து மட்டையில்தான் பட்டது என்று எண்ணிய மேஸ், உருண்டு வந்த பந்தை எடுத்து முதல் தளத்துக்கு எறிந்தார். மறுநாள் அதிகாலையில் சாப்மன் இறந்தார்.

இதன்பின் அழுக்குப் பந்துகளை உடனுக்குடன் மாற்றும் வழக்கம் வந்தது. தலைக்கவசமோ வரவில்லை! 1941இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் வகுத்துத் தந்த மெல்லிய காப்பைத் தொப்பிக்குள் வைத்தது. 1950களின் தொடக்கத்தில் பிட்ஸ்பர்க் அணியின் பொது மேலாளர் பிராஞ்ச் ரிக்கி தம் ஆட்டக்காரர்களுக்கு உறுதியான கவசத்தை அளித்தார். பெரிய லீக் ஆட்டங்களில் அது கட்டாயமானது 1971இல். காதை மூடும் மடல் 1983 முதல் புதிய ஆட்டக்காரர்களுக்குக் கட்டாயமாயிற்று. சாப்மன் இறந்து கவசம் கட்டாயமாவதற்கு 51 ஆண்டுகள் பிடித்தன.

இதற்குப் புதிய அறிவியல் எதுவும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். வலைக்குப் பின்னுள்ள விதியும் கவசத்துக்குப் பின்னுள்ள விதியும் ஒன்றே. கவசத்தின் கெட்டியான ஓடு விசையைப் பரப்புகிறது. உள்ளே உள்ள மெத்தை நசுங்கி, நிற்கும் தொலைவைக் கூட்டுகிறது. கூண்டு நேரத்தையும் பந்தையும் மிச்சப்படுத்தியதால் அதனை மக்கள் ஏற்றுக்கொண்டனர். கவசம் மிச்சப்படுத்தியது உயிரை. அதற்குக் குறுக்கே வீம்பு நின்றது.

இன்று பயிற்சிக் கூண்டுக்குள் செல்பவர் கடைப்பிடிக்கும் விதிகள் எளியவை. ஒரு நேரத்தில் மட்டையுடன் ஒருவர்தான் உள்ளே இருக்கலாம். பயிற்சிதானே என்று கவசத்தைக் கழற்றக் கூடாது. ஆளே பந்தெறிவதானால் ஆங்கில ‘எல்’ எழுத்து வடிவில் உள்ள வலைத் தடுப்புக்குப் பின்னால் நின்று எறிய வேண்டும். வெளியே நிற்பவர் வலையின்மேல் சாயக் கூடாது. உள்வாங்கும் வலை வெளிப்பக்கமும் புடைக்கும் அல்லவா?

வேட்டியில் விழுந்த முட்டையை எடுத்துக் காட்டும்போது மாணவர்கள் கைதட்டுவார்கள். வகுப்பு முடிந்து மிதிவண்டி நிறுத்தத்தைக் கடந்து போகும்போது, மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு புறப்படும் மாணவனையும் பார்க்கிறேன். பாடம் அவனுக்குத் தெரியும். சாப்மன் காலத்து ஆட்டக்காரர்களுக்கும் பந்தின் வேகம் தெரிந்தேதான் இருந்தது.