உரிமம் என்னும் விலங்கு

அபினி வரலாறு என்றதும் சீனப் போரைப் பேசுகிறோம். கசகசாக் காயைக் கீறிப் பால் எடுத்தவர்களைப் பேசுவதில்லை. பீகாரிலும் காசிப் பகுதியிலும் அவர்களில் பலர் கோயிரி சாதி உழவர்கள். விளைச்சல் முழுவதையும் அரசிடமே, அரசு வைத்த விலைக்கே ஒப்படைக்க வேண்டும் என்றது 1857ஆம் ஆண்டின் அபினிச் சட்டம். வெளியே விற்றால் தண்டனை. கையில் காசில்லாத உழவரை முன்பணம் கட்டிப்போட்டது. அதே அபினியைக் கல்கத்தாவில் ஏலம்விட்டு அரசு கொழுத்தது.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திலும் அந்தக் கட்டமைப்பு நீடிக்கிறது. விலை வைப்பது அரசு. உரிமம் பெற்ற உழவர் அபினியை ஒளித்து விற்றால் 10 முதல் 20 ஆண்டு கடுங்காவல். மருந்துக்கு அபினி தேவை, அதற்குக் கட்டுப்பாடும் தேவை. ஆனால் விலை பேசும் உரிமையை உழவருக்கு அன்றைய சட்டமும் தரவில்லை, இன்றைய சட்டமும் தரவில்லை.