முதலில் தொடும் கை

மரத்திலிருந்து விழுந்தவனையும், வெட்டுண்டவனையும், மூச்சுத் திணறுபவனையும் முதலில் தொடும் கை பெரும்பாலும் டாக்டரின் கையன்று. அது பக்கத்தில் நிற்கும் தொழிலாளியின் கை. ஓடிவரும் அண்டை வீட்டுக்காரியின் கை. தோட்டமாயின் டிரெசரின் கை. அவரும் இல்லாவிடத்துக் கிராணியின் கை. அந்தக் கைக்குப் பயிற்சி உண்டா இல்லையா என்பதைப் பொறுத்தே பல உயிர்கள் நிற்பதும் போவதும். ஆகவே, அப்பயிற்சி யாருக்கு அளிக்கப்பட்டது, எந்தத் தகுதியைக் காட்டினால் உள்ளே விட்டார்கள் என்று ஆராய்வது வைத்தியர்களுக்கு மட்டும் உரிய வேலையாகாது. அது நம் எல்லோருடைய சரித்திரமுமாகும்.

இக்கேள்வி எனக்கு ஏட்டிலிருந்து பிறந்ததன்று. நான் செம்பனைத் தோட்டமொன்றில் கிராணி, குடியிருப்பது பூச்சோங்கில். ஒரு காலத்தில் பால்மரக் காடாகவும் ஈயச் சுரங்கமாகவும் கிடந்த பூச்சோங் இன்று அடுக்குமாடிகளின் நகரம். காசல்பீல்டு, கின்றாரா என்னும் பழைய தோட்டங்களின் பெயர்களைத் தமிழ்ப் பள்ளிகள் இன்னும் தாங்கி நிற்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு நாள் காலைப் பெரட்டு முடிந்த சிறிது நேரத்தில், குலை வெட்டிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவருக்குத் தொடையில் அரிவாள் பாய்ந்துவிட்டது. நான் ஓடினேன். 999-க்குச் செய்தி சொல்ல எனக்கு மலாயும் ஆங்கிலமும் தெரிந்திருந்தன. ஆனால், பெருகி வரும் இரத்தத்தை எவ்விடத்தில், எவ்வாறு அழுத்துவது என்பது தெரியவில்லை. களையெடுக்கும் மூதாட்டி ஒருவர் தம் தலைத்துண்டை மடித்துக் காயத்தின் மீது வைத்து, ஆம்புலன்ஸ் வருமளவும் இரு கைகளாலும் அழுத்திக்கொண்டே இருந்தார். தொழிலாளி பிழைத்தார். "எங்கே கற்றீர்கள், பாட்டி?" என்று கேட்டேன். "அந்தக் காலத்து டிரெசர் ஐயா செய்யும்போது பார்த்தேன், தம்பி" என்றார். ஆங்கிலவழியில் பல்லாண்டு கற்ற நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். பள்ளிக்கூடத்தின் வாயிலையே காணாத அவர் உயிரைக் காத்தார். அன்று தொடங்கியது என் ஆராய்ச்சி.

முதலுதவியை வைத்தியரல்லாத பொதுமக்களுக்கு முறையாகக் கற்பிக்கும் வழக்கம் இங்கிலாந்தில் 1877-ஆம் ஆண்டு செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் தோன்றியதோடு வலுப்பெற்றது. அதன் வகுப்புகளில் அமர்ந்தவர்கள் யாவர்? போலீஸ்காரர், ரயில்வே ஊழியர், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர். விபத்து எங்கே நேருகிறதோ, அங்கே இருப்பவனுக்கே அறிவு வேண்டும் என்பது அச்சங்கத்தாரின் கொள்கை. அப்பாடங்களை வகுத்தவர்களுள் ஒருவர் பீட்டர் ஷெப்பர்டு என்னும் இராணுவ வைத்தியர். அவர் 1879 ஜனவரியில், ஜூலு நாட்டின் இசண்டில்வானாப் போரில் மாண்டார். அவர் மாண்ட இடத்திற்கு அருகிலுள்ள நேட்டால் நாட்டிலேயே, இருபது ஆண்டுகள் கழித்து, நம்மவர் கைக்கு அவ்வேலை வந்து சேர்ந்தது.

1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களில் பெரும் பகுதியினர் சென்னை மாகாணத்துத் தமிழரும் தெலுங்கரும் ஆவர். 1899 அக்டோபரில் போயர் யுத்தம் மூண்டபோது, காந்தியாரும் அவருடைய நண்பர்களும் காயமுற்றோரைச் சுமக்கும் பணிக்குத் தங்களை ஒப்புக்கொடுத்தனர். அரசாங்கம் முதலில் வேண்டாமென்றது. போரில் தோல்வி மேல் தோல்வி கண்டு, சுமக்க ஆள் போதாமற்போனபின் டிசம்பரில் வேண்டுமென்றது. ஏறக்குறைய 1,100 பேர் கொண்ட படை திரண்டது. அவர்களுள் சுமார் 300 பேர் சுதந்திர இந்தியர். மற்றவர் தோட்ட முதலாளிகள் அனுப்பிய ஒப்பந்தக் கூலிகள்.

இப்படையில் சேர இருந்த தகுதியையும் அளிக்கப்பட்ட பயிற்சியையும் கவனிப்போம். தலைவர்களாக இருந்த சுமார் நாற்பது பேர், டாக்டர் பூத் என்னும் பாதிரி வைத்தியரிடம் காயமுற்றோரைப் பேணும் முறையைக் கற்றனர். உடல் தகுதிக்கு டாக்டரின் அத்தாட்சியும் பெற்றனர். கூலிகளுக்கோ, முதலாளியின் சம்மதமே நுழைவுச் சீட்டு. ஆயினும் பாரத்தைச் சுமந்தவை எவருடைய தோள்கள்? துப்பாக்கிக் குண்டு எட்டும் எல்லைக்குள் இவர்கள் வரவேண்டியதில்லை என்பது முதலில் செய்த ஏற்பாடு. 1900 ஜனவரியில் ஸ்பியன் காப் குன்றில் ஆயிரக்கணக்கானோர் சாய்ந்தபோது அந்த ஏற்பாடு பறந்தது. இவர்கள் குண்டு விழும் எல்லைக்குள்ளேயே புகுந்து வேலை செய்தனர். தூக்குக்கட்டிலில் மனிதனைச் சுமந்து ஒரே நாளில் இருபது, இருபத்தைந்து மைல் நடந்த நாட்களும் உண்டு. யுத்தம் முடிந்தது. தலைவர்களுக்குப் பதக்கம் கிடைத்தது. சுமந்த கூலிகளோ கரும்புத் தோட்டத்திற்கே திரும்பினர். அவர்களுடைய பெயர்களைச் சரித்திரம் எழுதி வைக்கவில்லை. இதற்குத் தலைவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. கற்றவன் ஒரு வரிசை, சுமப்பவன் ஒரு வரிசை என்று பிரித்து வைத்த முறையையே நாம் குறை கூறுகின்றோம்.

முதலாளியின் சம்மதம் ஒரு வாயிற்காவலன் என்றால், மொழி மற்றொரு வாயிற்காவலன். அதைக் கண்டு கொண்டவர் யாழ்ப்பாணத்திற்கு 1847-இல் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அவர் முதலில் ஆங்கிலத்திலேயே வைத்தியம் கற்பித்தார். ஆங்கிலத்தில் கற்றவர் அரசாங்க உத்தியோகத்தையும் பட்டணத்தையும் நாடிச் சென்றனர். கிராமத்து நோயாளி இருந்தபடியே இருந்தான். ஆகவே 1860-களில் கிறீன் பாடத்தைத் தமிழுக்கு மாற்றினார். அங்காதிபாதம், இரண வைத்தியம் முதலிய நூல்கள் தமிழில் அச்சேறின. அவரிடம் கற்றுத் தேர்ந்தவர் அறுபதுக்கும் மேற்பட்டோர். அறுவை வைத்தியத்தைத் தமிழில் சொல்ல முடியாது என்று இன்றும் உதட்டைப் பிதுக்குவோர், ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே அது சொல்லப்பட்டதை அறிவார்களாக.

மலாயாவுக்கு வருவோம். 1901-இல் மால்கம் வாட்சன் கிள்ளானில் வைத்திய அதிகாரியாகப் பொறுப்பேற்றபோது, மலேரியாக் காய்ச்சல் ஊரையே அழித்துக்கொண்டிருந்தது. சதுப்பு நீரை வடித்து அவர் கிள்ளானைக் காத்தார். ஆனால் காட்டை வெட்டித் திறந்த தோட்டங்களில் சாவு தொடர்ந்தது. தோட்டந்தோறும் ஆஸ்பத்திரி வேண்டியிருந்தது. அதை நடத்த டிரெசர் வேண்டியிருந்தது. 1905-இல் சிங்கப்பூரில் வைத்தியப் பள்ளி திறக்கப்பட்டது. அங்கே பாடமொழி ஆங்கிலம். டிரெசராகவும் கிராணியாகவும் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஆங்கிலம் கற்றவர் வந்தனர். காயம்படுகிறவன் தமிழில் கதறினான். மருந்துப் புட்டியின் மேல் எழுதியிருந்ததோ ஆங்கிலம். லயத்துப் பிள்ளைக்குத் தோட்டப் பள்ளியில் கிடைத்ததோ தமிழில் சில ஆண்டுக் கல்வி. அவன் டிரெசராவது எவ்வாறு? வாசல் அடைக்கப்படவில்லை; ஆனால் வாசலுக்குச் செல்லும் பாதையே போடப்படவில்லை.

இன்றைய நிலை வேறு. 1965-இல் தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளருக்கும், 1977-இல் மருத்துவ உதவியாளருக்கும் பதிவுச் சட்டங்கள் வந்தன. இப்போது ஆம்புலன்ஸில் வரும் உத்தியோகஸ்தர் மூன்றாண்டு டிப்ளமோ படித்தவர். அப்படிப்பில் சேர, எஸ்.பி.எம். தேர்வில் மலாய், கணிதம், ஓர் அறிவியல் பாடம் உட்பட ஐந்து பாடங்களில் கிரெடிட் வேண்டும். இது தவறா? தவறன்று. மருந்தின் அளவைக் கணிக்கத் தெரியாதவன் கையில் ஊசியைக் கொடுக்கலாகாது. முதலாளியின் சம்மதம் ஆளை அளந்தது. கணிதம் வேலையை அளக்கிறது. வேலையை அளக்கும் தகுதியை எதிர்ப்பது பகுத்தறிவாகாது. ஆனால் தோட்டத்துப் பிள்ளை கணிதத்திலும் அறிவியலிலும் பின்தங்கினால், "அவன் தலைவிதி" என்று சும்மா இருப்பதும் பகுத்தறிவாகாது. திருவிழாவுக்கு வசூலாகும் பணத்தில் ஒரு பங்கை மாலை வகுப்புக்குத் திருப்பினால், எத்தனை பிள்ளைகள் அந்த ஐந்து கிரெடிட்டை எட்டுவார்கள்!

மற்றொன்றும் சொல்லவேண்டும். உத்தியோகத்திற்குத் தகுதி வேண்டும்; முதலுதவிக்கு எந்தத் தகுதியும் வேண்டியதில்லை. இரத்தத்தை அழுத்தி நிறுத்தவும், நின்றுபோன நெஞ்சைக் கையால் இயக்கவும் சான்றிதழ் கேட்பாரில்லை. ஒவ்வொரு தோட்டத்திலும், ஒவ்வொரு குடியிருப்பிலும், ஆணுக்கும் பெண்ணுக்கும், தமிழிலேயே அது கற்பிக்கப்படவேண்டும். நான் இப்போது கற்றுக்கொண்டேன். முப்பது வயதுக்குமேல் கற்றதற்கு வெட்கப்படுகின்றேன். அந்த மூதாட்டியைப் போல் பார்த்துக் கற்றவர் இன்னும் எத்தனை நாள் நமக்குத் துணை இருப்பார்? அவருடைய கைக்கு இருந்த அறிவு அவரோடு மறைந்துவிடாமல் காப்பது, எழுதப் படிக்கத் தெரிந்த நம்முடைய கடன்.