மிருதங்கத்துக்கு எத்தனை மைக்?

நான் கல்லூரியில் படித்தது பௌதிகம். உத்தியோகம் பார்த்தது மத்திய அரசில். மாற்றலாகிப் போன ஒவ்வொரு ஊரிலும் நம்மவர் நடத்தும் சபை ஒன்று இருக்கும். அங்கே எனக்கு ஒரு வேலையும் காத்திருக்கும். "ஸார் ஃபிஸிக்ஸ் படிச்சவர், மைக்கை அவர் பார்த்துப்பார்" என்று என் தலையில் கட்டிவிடுவார்கள். அந்தப் பெருமையில் நான் செய்த ஒரு தவறுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

1983ல் நாக்பூரில் ஒரு கச்சேரி. சுமார் 200 பேர் அமரக்கூடிய சிறிய ஹால். மூன்று மைக்குகள்தான் இருந்தன. பாடகருக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று போக, மூன்றாவதை மிருதங்கத்தின் வலந்தலைப் பக்கம் வைத்தேன். ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஒரு ஒயரை இழுத்து டேப் ரிக்கார்டரிலும் சொருகினேன். கச்சேரி முடிந்ததும் வயதான அந்த மிருதங்க வித்வான் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே, "ஏன் ஸார், என் இடது கைக்கு இன்னிக்கு லீவு குடுத்துட்டேளா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் சொன்னதன் பொருள் பல வருஷங்கள் கழித்துத்தான் புரிந்தது.

தாள வாத்தியத்தைப் பதிவு செய்வது ஆரம்பம் முதலே தகராறுதான். 1902ல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலை கிராமபோன் கம்பெனி பதிவு செய்தபோது மைக் கிடையாது. பெரிய புனல் ஒன்றின் வாய்க்கு நேராகப் பாட வேண்டும். அந்த ஒலியின் சக்தியே ஊசியை அசைத்து மெழுகில் கோடு போடும். தாழ்ந்த சுருதி ஒலிகள் இம்முறையில் சரியாகப் பதியாது. பலமாகத் தட்டினாலோ ஊசி தடம் புரளும். 1923ல் அமெரிக்காவில் கிங் ஆலிவர் குழுவின் ஜாஸ் இசைத்தட்டுகளைப் பதிவு செய்தபோது, பேபி டாட்ஸ் என்ற டிரம் கலைஞர் தம் பெரிய டிரம்மை விட்டுவிட்டு மரக்கட்டைகளைத் தட்டியே தாளம் கொடுக்க நேர்ந்தது.

அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வென்டி என்ற விஞ்ஞானி 1916ல் கண்டன்ஸர் மைக்கை உருவாக்கினார். 1925ல் மின்சார முறைப் பதிவு வியாபார ரீதியில் வந்தது. 1931ஐ ஒட்டி ரிப்பன் மைக்கும், இன்று மேடைகளில் அதிகம் காணப்படும் டைனமிக் மைக்கும் வந்து சேர்ந்தன. 1939ல் முன்பக்க ஒலியை அதிகமாகவும் பின்பக்க ஒலியைக் குறைவாகவும் வாங்கும் மைக்கை ஷூர் நிறுவனம் வெளியிட்டது. மேடையில் ஸ்பீக்கரின் 'கூ'வென்ற ஊளை குறைந்ததற்கு இவ்வகை மைக்குகள் ஒரு முக்கியக் காரணம்.

மிருதங்கத்தை எப்படிப் பதிவு செய்வது என்று கேட்பதற்கு முன்னால், மிருதங்கத்தின் நாதம் எப்படிப்பட்டது என்று கேட்டவர் சர் சி.வி. ராமன். 1907 முதல் பத்தாண்டுகள் நிதித்துறை அதிகாரியாக உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்தவர் அவர் என்பதில் என் போன்ற அரசு ஊழியர்களுக்குத் தனிப் பெருமை. நம் நாட்டு மிருதங்கம், தபலா பற்றி 1920ல் 'நேச்சர்' பத்திரிகையிலும், பின்னர் 1934ல் விரிவாகவும் எழுதினார். சாதாரணத் தோல் வட்டத்தைத் தட்டினால் எழும் கிளை ஒலிகள் ஒன்றோடொன்று இசையாமல் வெறும் சத்தமாக இருக்கும். வலந்தலையின் நடுவில் கருஞ்சாந்து பூசிய கரணை அவற்றை ஒழுங்குக்குக் கொண்டு வருகிறது. தோலின் ஒன்பது வகை அதிர்வுகள் சேர்ந்து ஐந்து ஸ்வரங்களாக, 1, 2, 3, 4, 5 என்ற விகிதத்தில் அமைவதைத் தோல்மேல் மெல்லிய மணலைத் தூவி அவர் காட்டினார். பெயர் தெரியாத நம் முன்னோர்கள் வெறும் காதை வைத்துக்கொண்டு கண்டுபிடித்த விஷயம் இது!

மைக் வைப்பவருக்கு இதிலிருந்து ஒரு பாடம் உண்டு. தோலின் ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு விதமாக அதிர்கிறது. மைக்கைத் தோலை ஒட்டி வைத்தால் அந்த இடத்து அதிர்வே மேலோங்கும். ஐந்தும் கலந்த முழு நாதம் கிடைக்காது. ஒரு சாண் முதல் ஒரு அடி வரை தள்ளி வைத்தால்தான் நாதம் ஒன்றுசேர இடம் இருக்கும். மேலும், ஒரு பக்கமே கேட்கும் மைக்குகளை மிக அருகில் கொண்டுபோனால் தாழ்ந்த ஒலிகளை அவை ஊதிப் பெருக்கிக் காட்டும். சில கச்சேரிகளில் தொப்பி 'தொம் தொம்' என்று நெஞ்சில் இடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வித்வான்மேல் பழி போட வேண்டாம்.

இன்னொரு சங்கதி. வழக்கமாக மிருதங்க வித்வான் பாடகருக்கு வலப்புறம் அமர்வார். வலந்தலை சபையைப் பார்க்கும், தொப்பி பின்சுவரைப் பார்க்கும். பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடது கைக்காரர். ஆகவே வலந்தலை சபைப் பக்கம் இருக்க வேண்டும் என்று பாடகருக்கு இடப்புறம் அமர்ந்து வாசித்தார். மைக் இல்லாத காலத்தில் இந்த ஏற்பாடு நன்றாக நடந்தது. தொப்பியின் தாழ்ந்த ஒலி வளைந்து வந்து ஹாலை நிரப்பிவிடும். ஆனால் சபைப் பக்கம் ஒரே ஒரு மைக்கை வைத்து அதன் ஒலியை மட்டும் பெருக்கினால், வலது கை பத்து மடங்காகும். இடது கை இருந்த இடத்திலேயே இருக்கும். நாக்பூரில் நான் செய்தது இதைத்தான்.

பாலக்காடு மணி ஐயர் (1912–1981) இதையெல்லாம் சூத்திரம் இல்லாமலே அறிந்திருந்தார். மைக் நாதத்தின் நுட்பத்தைக் கெடுக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லி, 1960களில் மைக் வைத்த கச்சேரிகளையே தவிர்த்தார். 1966ல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற மகா வித்வான் வருமானத்தைப் பொருட்படுத்தாமல் எடுத்த முடிவு அது. அன்று பலர் அதைப் பிடிவாதம் என்றார்கள். நானும் இளமையில் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் மைக்கே கூடாது என்று இன்று சொல்ல முடியுமா? மும்பை ஷண்முகானந்தா அரங்கில் சுமார் 2,700 பேர் உட்காரலாம். மைக் இன்றி அங்கே கடைசி வரிசைக்கு கும்கி எப்படிப் போய்ச் சேரும்? என் அனுபவத்தில் வம்பு இப்படித்தான் ஆரம்பித்தது: முதலில் பாட்டுக்கு மைக் வந்தது. பாட்டு பெரிதானதும் வயலின் கேட்கவில்லை என்று அதற்கும் வந்தது. இரண்டும் பெரிதானதும் இயற்கையிலேயே கணீரென்ற மிருதங்கத்துக்கும் வந்தது. பிறகு யாரும் யாருக்காகவும் குறைத்துக்கொள்ளவில்லை.

பெரிய அரங்கில் மிருதங்கத்துக்கு இரண்டு மைக்குகள் அவசியம். தொப்பிக்குத் தாழ்ந்த ஒலியைத் தெளிவாக வாங்கும் மைக்காக இருக்கட்டும். இரண்டையும் சேர்த்ததும் ஒலி மெலிந்தால் பயப்பட வேண்டாம். ஒரு தோல் உள்ளே போகும்போது உள்ளிருக்கும் காற்று மறு தோலை வெளியே தள்ளுகிறது. அதனால் இரு மைக்குகளும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளக்கூடும். மிக்ஸரில் ஒன்றின் துருவத்தை மாற்றும் பொத்தானை அழுத்திக் கேட்டுப் பாருங்கள். எது கனமாக ஒலிக்கிறதோ அதுவே சரி. பதிவுக்கு மட்டும் என்றால், சற்றுத் தள்ளி வைத்த ஒரு நல்ல கண்டன்ஸர் மைக் கூட்டத்தையே தோற்கடித்துவிடும்.

அந்த நாக்பூர் வித்வான் சில ஆண்டுகளில் காலமாகிவிட்டார். அவருடைய மகன் எனக்குக் கடிதம் எழுதினார்: "அப்பா வாசித்தது எங்களிடம் எதுவும் இல்லை. நீங்கள் பதிவு செய்ததாகச் சொன்னார்." ஆவலோடு டேப்பைப் போட்டேன். நம்மும் சாப்பும் மணி மணியாக விழுந்தன. இடது கை மட்டும் அடுத்த வீட்டில் யாரோ வாசிப்பதுபோல் இருந்தது. அதை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

பழைய சபை நண்பர்களுக்கெல்லாம் எழுதினேன். அன்று மூன்றாவது வரிசையில் மடியில் சின்ன கேஸட் ரிக்கார்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு மாமாவிடம் தனி ஆவர்த்தனம் மட்டும் இருந்தது. அதில் இருமல் இருந்தது, குழந்தை அழுகை இருந்தது. இரண்டு கைகளும் இருந்தன. மகனுக்குப் போய்ச் சேர்ந்தது அந்த கேஸட்தான்.

பல ஊர்களில் ராம நவமிக்கும் ராதா கல்யாணத்துக்கும் நூறு பேர் கூடும் ஹாலில் நம்மவர்கள் நான்கு ஸ்பீக்கர்கள் வைக்கிறார்கள். வயதானவர்கள் காதைப் பொத்திக்கொண்டு பாதியில் எழுந்து போவதைப் பார்க்கிறேன். என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த முறை முதல் ஒரு மணி நேரமாவது மைக் இல்லாமல் நடத்திப் பாருங்கள். ஃபேன் சத்தத்தைக் குறையுங்கள், பேச்சை நிறுத்துங்கள். காது ஐந்தே நிமிஷத்தில் பழகிவிடும். பெரிய இடமாக இருந்து மைக் வைத்தே தீர வேண்டும் என்றால், கச்சேரிக்கு முன் வித்வானிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "ரெண்டு கையும் கேக்கறதா மாமா?"

நான் அன்று கேட்கவில்லை.