கேமராவைப் பாருங்க

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு கல்யாண போட்டோ. அதுவும் பாதிதான்.

1984-ல் சைதாப்பேட்டையில் நடந்த அம்மா, அப்பா கல்யாணத்தில் எடுத்தது. 2015 டிசம்பரில் அடையாறு வீட்டுக்குள் வந்தபோது ஃபிரேமோடு மூழ்கிப்போனது. தண்ணீர் வடிந்ததும் சேற்றிலிருந்து எடுத்து, கழுவாமல் அப்படியே வெயிலில் சாய்த்து வைத்தோம். அதுதான் தப்பு. போட்டோ தாளின் மேல்பூச்சு ஜெலட்டின். நனைந்தால் பசை மாதிரி ஆகிவிடும், காய்ந்தால் கண்ணாடியை விடாது. அப்பா அதைப் பிரிக்கப் பார்த்தார். தன் முகத்தைத் தானே கிழித்துவிட்டார். மிச்சம் இருப்பது அம்மாவும், அம்மாவின் தோள்மேல் அப்பாவின் மாலை நுனியும்.

அதன் பிறகு ஆற்றோரத்தில் இருந்த எங்களைப் போன்ற ஆயிரக்கணக்கான குடும்பங்களை பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். எட்டு மாடி பிளாக்குகள், வரிசை வரிசையாக. இங்கே எந்த வீட்டில் கேட்டாலும் தண்ணீரில் போனவை என்று ஒரு பட்டியல் சொல்வார்கள். ரேஷன் கார்டு, டிவி, மிக்சி. கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசினால் குரலை இறக்கி, "கல்யாண ஆல்பமும் போச்சுப்பா" என்பார்கள்.

நான் கல்யாண போட்டோகிராபர். 'கேண்டிட்' எடுப்பவன். மாப்பிள்ளை பெண்ணிடம் நான் முதலில் சொல்லும் வாக்கியம்: "கேமராவைப் பாக்காதீங்க. நான் இல்லைன்னு நெனச்சுக்கோங்க." அம்மாவைப் படம் எடுத்தவர் சொன்னது நேர் எதிர்: "கேமராவைப் பாருங்கம்மா." ஒரே தொழில், ஒரே ஊர். நடுவில் என்ன ஆனது என்று தேடப் போய்தான் இதை எழுதுகிறேன்.

போட்டோகிராபி 1839-ல் பாரிஸில் அறிவிக்கப்பட்டது. மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி 1856-லேயே தொடங்கிவிட்டது. அதே காலத்தில் மெட்ராஸ் அரசாங்கத்தின் போட்டோகிராபராக இருந்த லின்னேயஸ் ட்ரைப், 1858-ல் தஞ்சாவூரையும் மதுரையையும் எடுத்தார். பெரும்பாலும் கோயில்கள், கோபுரங்கள், மண்டபங்கள். அவற்றில் ஒரு வசதி உண்டு: அசையாது. அன்றைய கேமராவுக்கு வெளிச்சம் பல நொடிகள் தேவை. மனிதன் கண் சிமிட்டுவான், தலை திருப்புவான். அதனால் ஸ்டூடியோக்களில் உட்காருபவரின் கழுத்துக்குப் பின்னால் இரும்புத் தாங்கி வைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டார்கள். பழைய படங்களில் நம்மவர்கள் விறைத்துக்கொண்டு இருப்பதற்கு ஒரு காரணம் மரியாதை. இன்னொரு காரணம் இரும்பு.

கல்யாணத்தை நடக்கும்போதே எடுப்பது அப்போது எங்கேயும் கிடையாது. விக்டோரியா ராணியின் கல்யாணப் படம் என்று இணையத்தில் ஒன்று சுற்றுகிறது. அவருக்குக் கல்யாணம் ஆனது 1840-ல். அந்தப் படத்தை ரோஜர் ஃபென்டன் எடுத்தது 1854-ல். அரசவை உடையில், கல்யாணம் முடிந்து பதினான்கு வருஷம் கழித்து. நம்மூரிலும் புதுத் தம்பதிகள் கல்யாணம் முடிந்தபின் ஸ்டூடியோவுக்குத்தான் போனார்கள். வரைந்த திரைச்சீலை, ஒரு நாற்காலி, ஒரு பூ ஜாடி. அவர் உட்கார்ந்திருப்பார், அவள் நாற்காலி முதுகில் கை வைத்து நிற்பாள். நூறு குடும்பங்களின் படத்தை அடுக்கி வைத்தால் முகம் மட்டும்தான் மாறும்.

இந்தப் படங்கள் எத்தனை மிஞ்சின? வெள்ளம் ஒருபக்கம் இருக்கட்டும். பல ஸ்டூடியோக்கள் மூடும்போது நெகட்டிவ்களை எடைக்குப் போட்டன. அதிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுக்க ஆள் உண்டு. கண்ணாடி நெகட்டிவ் என்றால் சுரண்டிக் கழுவி வெறும் கண்ணாடியாக விற்றார்கள். தப்பித்தவற்றைத் தேடி டிஜிட்டல் ஆக்கும் வேலையை புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு செய்திருக்கிறது. அம்மா படத்தின் நெகட்டிவைத் தேடி நானும் போனேன். ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை.

ஃபிளாஷும் 120 ரோலும் வந்தபிறகு போட்டோகிராபர் மண்டபத்துக்குள் நுழைந்தார். 1960-ல் நிறுவப்பட்ட ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் சில வருஷங்களில் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமைக் கொண்டுவந்தது. சதுரப் படமாக எடுத்தால் ஒரு 120 ரோலுக்கு பன்னிரண்டு படம். நடுத்தரக் குடும்பக் கல்யாணம் என்றால் இரண்டு மூன்று ரோல். எங்களைப் போன்ற வீடு என்றால் ஒன்று.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் அந்தக் காலத்தில் எடுத்தவர். அவர் சொல்வார்: "பன்னெண்டுதான் தம்பி. ஒண்ணு வேஸ்ட் ஆச்சுன்னா ஒரு தாய்மாமன் காலின்னு அர்த்தம்." அதனால் அவர் முதலில் கேமராவைத் தொட மாட்டாராம். பந்தலில் ஒரு சுற்று சுற்றி, யார் யாருக்கு என்ன உறவு, யாருக்கு யாரோடு பேச்சு இல்லை, எந்தப் பாட்டி அடுத்த வருஷம் இருக்க மாட்டார் என்று பார்த்து வைத்துக்கொள்வார். கெட்டிமேளம் கொட்டும்போது அட்சதை லென்ஸ் முன்னால் விழும், யாராவது குறுக்கே கையை நீட்டுவார்கள், ஃபிளாஷ் மறுபடி ஏற நேரம் பிடிக்கும். ஆகவே, "மாப்ள, தாலியை அப்படியே பிடிங்க. இங்க பாருங்க." கழுத்துக்கு அருகில் தாலி நிற்க, இரண்டு பேரும் லென்ஸைப் பார்க்கிற அந்தப் படம் பிறந்தது இப்படித்தான். நல்ல நேரமே கேமராவுக்காக ஒரு நொடி நின்றது.

புரோகிதரும் அக்னியும் இல்லாத சுயமரியாதைத் திருமணங்களில் அந்த நொடி மாலை மாற்றும்போது வந்தது. 1950-களில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படியொரு திருமணம் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. 1967-ல் அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் திருத்தம் வந்த பிறகுதான் அவை செல்லுபடியாகின. இடைப்பட்ட காலத்தில் மாலையோடு நின்று நேராகப் பார்க்கும் ஒரு ஜோடியை நினைத்துப் பாருங்கள். அந்தப் பார்வையில் 'நாங்கள் கட்டிக்கொண்டோம்' என்று ஒரு சாட்சியமும் இருக்கிறது.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். கலர், 36 படம் கொண்ட ரோல், வீடியோ, கண்ணைக் கூசவைக்கும் ஹாலோஜன் விளக்கு, இதய வடிவத்துக்குள் மாப்பிள்ளை முகம். அப்புறம் டிஜிட்டல். கடைசியாக நாங்கள்.

'கேண்டிட்' என்ற சொல் போட்டோவுக்குள் வந்த கதையில் காதலே இல்லை. 1925-ல் லைக்கா என்ற சின்ன கேமரா விற்பனைக்கு வந்தது. 1928-ல் எரிக் சாலமன் என்ற ஜெர்மானியர் வேறொரு சிறிய கேமராவை மறைத்து வைத்து பெர்லினில் கொலை வழக்கு விசாரணையை எடுத்தார். அடுத்து அரசியல் தலைவர்களின் கூட்டங்களுக்குள் புகுந்தார். அவருடைய படங்களுக்குத்தான் ஆங்கிலப் பத்திரிகை உலகம் அந்தப் பெயரைக் கொடுத்தது. பார்க்காத நேரத்தில்தான் அதிகாரத்தில் இருப்பவர்களின் உண்மை முகம் தெரியும் என்பது அதன் தர்மம். யூதரான சாலமன் 1944-ல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அந்த தர்மத்தை நாங்கள் மணமேடைக்குக் கொண்டுவந்துவிட்டோம், ஒளிக்க ஒன்றும் இல்லாத இரண்டு பேர் முன்னால்.

கேண்டிட்டைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பழைய படத்தில் பெண்ணிடம் "தலையைக் குனிம்மா" என்றார்கள். சிரித்தால் அதட்டினார்கள். இன்று பெண் வாய்விட்டுச் சிரிப்பதும், அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுவதும் ஆல்பத்தில் இருக்கிறது. அது பெரிய விஷயம். ஆனால் ஒரு கல்யாணத்துக்கு நான்காயிரம் ஃபிரேம் எடுக்கிறேன். யார் தாய்மாமன் என்று பல நேரம் எனக்குத் தெரியாது. அண்ணனுக்குத் தெரியும்.

போன ஆவணியில் எங்கள் பக்கத்து பிளாக் பெண்ணுக்குக் கல்யாணம். சோழிங்கநல்லூரில் சின்ன மண்டபம். எல்லாம் எடுத்து முடித்து பையை மூடும்போது பெண்ணின் பாட்டி வந்தார். அவருடைய ஆல்பமும் அதே வெள்ளத்தில் போனதுதான்.

"தம்பி, நேரா பாக்குற மாதிரி ஒண்ணு எடுத்துக் குடு."

"நெறைய இருக்கு பாட்டி, அழகா வந்திருக்கு."

"அதுல எல்லாம் ரெண்டும் அதுங்க மூஞ்சிய அதுங்களே பாத்துக்குதுங்க. நாளைக்கு இதுங்க புள்ள பாத்தா, அதை யாரு பாப்பா?"

பையைத் திறந்தேன். இரண்டு பேரையும் நாற்காலியில் உட்கார வைத்து, நடுவில் பாட்டியை நிறுத்தி, எத்தனையோ வருஷம் கழித்து அந்த வாக்கியத்தைச் சொன்னேன். ஒரே படம்தான் எடுத்தேன். அதை மட்டும் பிரிண்ட் போட்டு, ஃபிரேமின் கண்ணாடி தொடாதபடி நடுவில் அட்டை இடைவெளி விட்டு மாட்டிக் கொடுத்தேன்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து அம்மாவின் படத்தை இறக்கினேன். இனிப் பிரிக்கக் கூடாது, கண்ணாடியோடு சேர்த்தே படம் பிடிக்க வேண்டும். பக்கவாட்டில் விளக்கு வைத்து, பளபளப்பு விழாத கோணம் பார்த்து ஃபோகஸ் செய்தேன். பூஞ்சைக்கும் சேற்றுக் கோட்டுக்கும் நடுவே பத்தொன்பது வயசு அம்மா. முப்பது வருஷம் சுவரில் தொங்கியும் நான் கவனிக்காத ஒன்று அப்போது பெரிதாகத் தெரிந்தது. அவள் தலையைக் குனியவில்லை. நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.